களத்தில் ஓர் ஆசிரியர்: கூடைப்பந்துப் பயிற்சியாளர் ஜான் வூடன்

கல்லூரிகளில் விளையாட்டுத் திடல் ஒருபுறமும் வகுப்பறை மறுபுறமுமாகப் பிரிந்து நிற்பதை நாம் இயல்பென்றே ஏற்றுக்கொண்டுவிட்டோம். வகுப்பில் நிற்பவரை ஆசிரியர் என்கிறோம். திடலில் நிற்பவரைப் பயிற்சியாளர் என்கிறோம். முன்னவர் அறிவை வளர்ப்பவர், பின்னவர் உடலை வளர்ப்பவர் என்பது பொதுவான எண்ணம். கூடைப்பந்தாட்டத்தின் வரலாறு இந்தப் பிரிவினையைப் பொய்யாக்குகின்றது. 1891ஆம் ஆண்டில், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தைச் சேர்ந்த ஸ்பிரிங்ஃபீல்டு நகரில், கனடாவில் பிறந்த ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்னும் உடற்கல்வி ஆசிரியர், பனிக்காலத்தில் வெளியே சென்று ஆட இயலாத தம் மாணவர்க்காக வகுத்த ஆட்டம் அது. பீச் பழம் வைக்கும் கூடைகள் இரண்டை உயரத்தில் மாட்டிப் பந்தை அதனுள் எறியச் செய்தார். ஆக, கூடைப்பந்து பிறந்ததே ஒரு வகுப்பில்தான். அவ்வாட்டத்தைப் பல்லாண்டுகள் கற்பித்து, உலகம் தம்மைப் பெரும் பயிற்சியாளர் என்று போற்றியபோதும் தாம் ஓர் ஆசிரியரே என்று இறுதிவரை சொல்லிவந்தவர் ஜான் வூடன். அவர்தம் வாழ்க்கையையும் கற்பித்தல் முறையையும் நாம் இங்கே காண்போம்.

எண்களை முதலிலேயே சொல்லிவிடுவது நலம். லாஸ் ஏஞ்சல்ஸ் நகரிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தை அமெரிக்கர் சுருக்கமாக யு.சி.எல்.ஏ. என்பர். அதன் கூடைப்பந்து அணிக்கு வூடன் 1948 முதல் 1975 வரை 27 ஆட்டப் பருவங்கள் பயிற்சியாளராக விளங்கினார். 620 ஆட்டங்களில் வென்று 147 ஆட்டங்களில் தோற்றார். 1964க்கும் 1975க்கும் இடைப்பட்ட 12 ஆண்டுகளில் 10 முறை அவர் அணி தேசியக் கல்லூரி வாகையைச் சூடியது. அவற்றுள் ஏழு, 1967 முதல் 1973 வரை இடையறாது வந்தவை. 1971 முதல் 1974 வரை தொடர்ந்து 88 ஆட்டங்களில் அவ்வணி தோல்வியே காணவில்லை. இந்த எண்கள் வியப்பூட்டுவன. ஆனால் இவற்றை மட்டும் பார்ப்பவர் வூடனைத் தவறவிட்டுவிடுவர் என்பது நம் கருத்து. ஏனெனில், யு.சி.எல்.ஏ.யில் அவருக்கு முதல் வாகை கிடைத்தது 16ஆம் பருவத்தில். அதற்கு முந்தைய 15 ஆண்டுகளும் அதே மனிதர், பெரும்பாலும் அதே முறையில்தான் கற்பித்துக்கொண்டிருந்தார்.

கந்தல் பந்தும் தக்காளிக் கூடையும்

வூடன் 1910 அக்டோபர் 14இல் இந்தியானா மாநிலத்தில் ஓர் உழவர் குடியில் பிறந்தார். மின்விளக்கு இல்லாத வீடு. அடிப்பாகம் நீக்கிய தக்காளிக் கூடை ஒன்றைக் களஞ்சியத்தின் சுவரில் தந்தை அறைந்து கொடுக்க, கந்தல் துணிகளைக் காலுறைக்குள் திணித்துத் தாய் பந்து தைத்துக் கொடுத்தார். சிறுவர்கள் ஆடிய முதல் கூடைப்பந்து அதுவே. தந்தையார் ஜோஷுவா வூடன் நூல்களை வாய்விட்டுப் படித்துக் காட்டும் பழக்கமுடையவர். பிறரோடு ஒப்பிட்டுத் தன்னை அளக்காதே, உன்னால் இயன்றதை முழுமையாகச் செய்வதை மட்டும் விட்டுவிடாதே என்பது அவர் மக்களுக்கு இடைவிடாது உணர்த்திய பாடம். பின்னாளில் வூடன் வகுத்துக்கொண்ட கொள்கை அனைத்தும் இந்த ஒரு வித்திலிருந்து முளைத்தவையே.

பள்ளியிலும் பர்டியூ பல்கலைக்கழகத்திலும் வூடன் தலைசிறந்த ஆட்டக்காரராகத் திகழ்ந்தார். 1930, 1931, 1932 ஆகிய மூன்றாண்டுகளும் அனைத்து அமெரிக்க அணிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். எனினும் அவர் பட்டம் பெற்றது ஆங்கில இலக்கியத்தில். 1932இல் கென்டக்கி மாநிலத்து டேட்டன் நகரின் உயர்நிலைப் பள்ளியில் ஆசிரியராகவும் பயிற்சியாளராகவும் பணியேற்றார். முதல் பருவத்தில் 6 வெற்றி, 11 தோல்வி. அவர்தம் நெடும்பணியில் தோல்வி மிகுந்த பருவம் அது ஒன்றே. பின்னர் இந்தியானாவின் சவுத் பெண்டு நகரப் பள்ளியில் 1943இல் கடற்படையில் சேரும் வரை ஆங்கிலம் கற்பித்தார், கூடைப்பந்தும் கற்பித்தார்.

இந்தப் பள்ளிக் காலத்தை நாம் விரைந்து கடந்துவிடலாகாது. மதிப்பெண் தாளைக் கண்டு முகம் சுளிக்கும் பெற்றோரை ஆசிரியராயிருப்பவர் யாவரும் அறிவர். அடுத்த வீட்டுப் பிள்ளை நடுத்தர மதிப்பெண் பெற்றால் பொறுத்துக்கொள்வர்; தம் பிள்ளை அதே மதிப்பெண்ணைப் பெற்றால், பிள்ளையோ ஆசிரியரோ தவறிவிட்டதாகக் கருதுவர். இளைஞரான வூடனை இது வருத்தியது. வெற்றி என்பதற்கு மதிப்பெண்ணும் ஆட்டப் புள்ளியும் சாராத ஒரு வரையறை வேண்டும் என்று அவர் எண்ணினார். தன் ஆற்றலின் எல்லைவரை முயன்றோம் என்று ஒருவன் தன்னளவில் அறிந்து பெறும் மனநிறைவே வெற்றி என்று 1934 அளவில் தமக்கென வரையறுத்துக்கொண்டார். அதற்குரிய பண்புகளைக் கட்டடக் கற்களைப்போல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய 'வெற்றிக் கூம்பு' என்னும் வரைபடத்தை 1948இல் நிறைவு செய்தார். அடித்தளத்தின் இரு மூலைக் கற்கள் உழைப்பும் ஊக்கமும். அந்த வரைபடம் பிற்காலத்தில் வணிக நிறுவனங்களின் சுவர்களையெல்லாம் அலங்கரித்தது. எனினும் அது பள்ளி வாத்தியார் ஒருவர் பெற்றோர்க்கு விடைசொல்லத் தேடியபோது உருவானது என்பதைப் பலர் மறந்துவிட்டனர்.

போருக்குப் பின் 1946இல் இந்தியானா மாநில ஆசிரியர் கல்லூரிக்குப் பயிற்சியாளரானார். 1947இல் அவர் அணி கான்சாஸ் நகரில் நடைபெறும் தேசியப் போட்டிக்கு அழைக்கப்பட்டது. கறுப்பின மாணவர் ஆடக்கூடாது என்பது அப்போட்டியின் விதி. வூடனின் அணியில் கிளாரன்ஸ் வாக்கர் என்னும் கறுப்பின மாணவர் இருந்தார். முன்னணி ஐவருள் ஒருவரல்லர், மாற்று ஆட்டக்காரர். அவரை ஊரில் விட்டுவிட்டு ஏனையோர் சென்றிருந்தால் அக்காலத்தில் கேட்பார் எவருமில்லை. வூடன் அழைப்பையே மறுத்துவிட்டார். மறு ஆண்டு அவ்விதி நீக்கப்பட்டது, அணி சென்றது, வாக்கர் ஆடினார். இறுதியாட்டத்தில் லூயிவில் பல்கலைக்கழக அணியிடம் தோற்றது.

துடைப்பம் பிடித்த கை

1948இல் யு.சி.எல்.ஏ.யில் பொறுப்பேற்றபோது, அவ்வட்டார அணிகளுள் கடைசி இடமே கிட்டும் என்று கணிக்கப்பட்ட அணி அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. முதற் பருவத்திலேயே 22 ஆட்டங்களில் வென்று 7இல் மட்டும் தோற்றார். ஆயினும் வசதி என்று சொல்லத்தக்கது எதுவும் அங்கில்லை. பழைய உடற்பயிற்சிக் கூடத்தில் ஒரு மூலையில் மல்லர்களும் மறு மூலையில் உடல்வித்தை மாணவர்களும் பயிலும் நேரத்திலேயே இவர்களும் பயின்றாக வேண்டும். கைகளில் பூசும் சுண்ணப்பொடி தரையெங்கும் பரவிக் கிடக்கும். பயிற்சி தொடங்குமுன் வூடனே துடைப்பம் எடுத்துப் பெருக்கி ஈரத்துணியால் துடைப்பார். மூன்றாண்டுகளில் புதிய அரங்கம் எழும் என்று சொல்லப்பட்டது. பாலி பெவிலியன் என்னும் அவ்வரங்கம் 1965இல்தான் திறக்கப்பட்டது. அதற்குள் அவர் இரண்டு தேசிய வாகைகளை வென்று முடித்திருந்தார்!

முதல் வாகையை வென்ற 1964ஆம் ஆண்டு அணியில் முன்னணி ஐவருள் ஒருவரும் 6 அடி 5 அங்குலத்துக்கு மேல் உயரமில்லை. கூடைப்பந்தில் அது குள்ளரின் அணி. உயரத்தில் இழந்ததை விரைவில் ஈடுசெய்ய, உதவிப் பயிற்சியாளர் ஜெரி நார்மனின் யோசனைப்படி, ஆடுகளத்தின் முழு நீளத்திலும் எதிரணியை நெருக்கிப் பந்தை முன்னேற விடாமல் திணறடிக்கும் 'பிரெஸ்' முறையை வூடன் மேற்கொண்டார். 30 ஆட்டம், 30 வெற்றி. இறுதியாட்டத்தில் டியூக் அணியை 98க்கு 83 என்று வென்றனர். உதவியாளர் ஒருவரின் யோசனையைத் தலைமைப் பயிற்சியாளர் கேட்டுக்கொண்டார் என்பது சிறு செய்தி போலத் தோன்றலாம். ஆனால் முதல் வாகைக்கு 15 ஆண்டுகள் காத்திருந்தவர்க்குக் கற்றுக்கொள்ளும் மனம் வறண்டுபோகவில்லை என்பதற்கு அதுவே சான்று.

காலுறையில் தொடங்கும் பாடம்

ஒவ்வோர் ஆண்டும் முதற்பயிற்சி நாளில் வூடன் மாணவரை உட்காரவைத்துக் காலுறை அணியக் கற்பிப்பார். நாடெங்கும் பெயர்பெற்ற இளைஞர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வர். விரல் நுனியிலும் குதிகாலிலும் சுருக்கம் விழாமல் காலுறையை நீவி இழுக்க வேண்டும். காலணி சரியான அளவில் இருக்க வேண்டும். கயிற்றைத் துளை துளையாக இறுக்கி இரட்டை முடிச்சிட வேண்டும். காரணம் எளியது. சுருக்கம் கொப்புளத்தை உண்டாக்கும். கொப்புளம் வந்தவன் பயிற்சிக்கு வரமாட்டான். பயிற்சிக்கு வராதவன் ஆட்டத்தில் உதவமாட்டான். ஒழுக்கத்தைப் பற்றிச் சொற்பொழிவாற்றுவதைவிட, ஒரு காலுறையின் சுருக்கத்தை நீக்கக் கற்பிப்பது பயனுடையது என்பதை அவர் அறிந்திருந்தார்.

ஒவ்வொரு நாளின் பயிற்சிக்கும் அவர் உதவியாளர்களோடு காலையில் அமர்ந்து திட்டம் தீட்டுவார். இரண்டு மணி நேரப் பயிற்சிக்குத் திட்டமிடவே ஏறத்தாழ அதே அளவு நேரம் செல்லும். எந்த நிமிடத்தில் எந்தப் பயிற்சி, அதில் யார் யார் எங்கே, பந்துகள் எத்தனை என்பவையெல்லாம் சிறு அட்டைகளில் எழுதப்படும். குறித்த நேரத்தில் தொடங்கிக் குறித்த நேரத்தில் முடியும். முடிந்தபின் எது பயன்பட்டது, எது பயன்படவில்லை என்று குறித்து வைப்பார். சென்ற ஆண்டு இதே நாளில் என்ன கற்பித்தோம் என்பதை அவரால் எடுத்துப் பார்க்க முடிந்தது. பாடக்குறிப்பு என்பது கல்வி அதிகாரிக்குக் காட்டுவதற்காக எழுதப்படும் ஒன்று என்று கருதுவார் நம்மிடையே உண்டு. அன்னார் இந்த அட்டைகளைப் பற்றிச் சற்றே எண்ணிப் பார்க்கலாம்.

கற்பிக்கும் முறைக்கு அவர் வகுத்துக்கொண்ட படிகள், விளக்குதல், செய்துகாட்டுதல், செய்யச்செய்து திருத்துதல், மீண்டும் மீண்டும் செய்யவைத்தல் என்பன. இவற்றுள் கடைசிப் படிக்கே மிகுந்த நேரத்தை ஒதுக்கினார். பந்தைப் பிடிப்பது, காலை ஊன்றித் திரும்புவது, தோழனுக்கு வழங்குவது ஆகிய அடிப்படைச் செயல்கள், எண்ணாமலே நிகழும் அளவுக்குப் பழகிவிட்டால்தான் ஆட்டத்தின் நெருக்கடியில் மனம் வேறொன்றைச் சிந்திக்க ஓய்வு பெறும் என்பது அவர் துணிபு. இயந்திரம் போல ஆடுவோரை உருவாக்குவது அவர் நோக்கமன்று. அடிப்படை கைவந்தவனே புதிதாக ஒன்றைச் செய்ய முடியும் என்றார். யாப்புப் பயிலாமல் கவிதையில் புதுமை செய்யப் புறப்படுவோரைக் கண்டவர்க்கு இது புரியும்.

ஆட்டம் நடக்கும்போது அவர் சுருட்டிய ஆட்ட நிரல் தாளைக் கையில் பிடித்தபடி அமர்ந்திருப்பதே வழக்கம். தம் வேலை பயிற்சியிலேயே முடிந்துவிட்டது என்பார். வெல்ல வேண்டும் என்று அவர் தம்மிடம் பேசியதில்லை என அவரிடம் பயின்றோர் பலர் கூறியுள்ளனர்.

2,326 சொற்செயல்கள்

இவர்தம் கற்பித்தலைக் குறித்து நமக்குக் கிடைக்கும் சான்றுகளுள் மிக அரியது, 1974-75ஆம் பருவத்தில் நிகழ்ந்த ஓர் ஆய்வு. ரோலண்ட் தார்ப், ரொனால்டு காலிமோர் என்னும் உளவியலாளர் இருவர், சிறந்த ஆசிரியர் ஒருவர் உண்மையில் என்ன செய்கிறார் என்பதை நேரில் கண்டறிய விரும்பினர். வூடனின் பயிற்சிகளில் 15 நாட்கள், ஏறத்தாழ 30 மணி நேரம், பார்வையாளர் வரிசையில் அமர்ந்து அவர் வாய் திறந்த ஒவ்வொரு முறையையும் வகைப்படுத்திக் குறித்தனர். மொத்தம் 2,326 கற்பித்தல் செயல்கள். 1976 ஜனவரியில் 'சைக்காலஜி டுடே' இதழில் அதன் முடிவுகள் வெளிவந்தன.

பாராட்டு எவ்வளவு? 6.9 விழுக்காடு. கடிந்துரை எவ்வளவு? 6.6 விழுக்காடு. அவ்வளவே. ஏறத்தாழப் பாதிச் சொற்கள், என்ன செய்ய வேண்டும், எப்படிச் செய்ய வேண்டும் என்னும் நேரடி அறிவுறுத்தல்கள். எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் அவர் பேசியவற்றுள் முக்கால் பங்கு, மாணவன் அடுத்த முறை செய்தற்குப் பயன்படும் செய்தியைத் தாங்கியிருந்தது. நீண்ட பேச்சு ஒன்றுகூட இல்லை. பெரும்பாலும் இரண்டொரு சொற்றொடர்; அதன்பின் பயிற்சி தொடரும்.

இன்னும் நுட்பமான ஒன்றையும் அவ்விருவரும் கண்டனர். ஒருவன் தவறாகச் செய்யும்போது வூடன் பயிற்சியை நிறுத்தி முதலில் சரியான முறையைச் செய்து காட்டுவார். உடனே அம்மாணவன் செய்த தவறான முறையை அவன் செய்தபடியே செய்து காட்டுவார். மீண்டும் சரியான முறையைக் காட்டுவார். இந்த மூன்றும் சேர்ந்து சில நொடிகளுக்கு மேல் ஆகா. தவற்றின் இருபுறமும் சரியானது நிற்பதால், மாணவன் மனத்தில் தங்குவது எது என்பதில் ஐயமில்லை. கடிந்துகொண்டு உடனே திருத்தும் இவ்வகைச் செயல்கள் மட்டும் ஏறத்தாழ 8 விழுக்காடு இருந்தன. அதாவது, அவர் சினந்தபோதும் அச்சினத்தோடு பாடம் ஒன்றும் சேர்ந்தே வந்தது.

நம் வகுப்புகளில் ஒரு மணி நேரம் நாம் பேசும் சொற்களை யாரேனும் இப்படிக் குறித்தால் என்ன கிடைக்கும்? 'நன்று', 'போதாது', 'உன்னால் முடியும்', 'நீ தேறமாட்டாய்' என்பன போன்ற சொற்கள் எத்தனை விழுக்காடு வரும்? கட்டுரைத் தாளின் ஓரத்தில் 'சரியில்லை' என்று எழுதுகிறோம். எது சரி என்று எழுதுவது அரிது. பாராட்டு தன்னம்பிக்கை தரும் என்பது உண்மையே. ஆனால் என்ன செய்ய வேண்டும் என்று தெரியாமல் நிற்கும் மாணவனுக்கு வெறும் பாராட்டும் வெறும் வசையும் ஒரே அளவுதான் உதவும். நன்னூலார் நல்லாசிரியர்க்கு நிலம், மலை, நிறைகோல், மலர் ஆகியவற்றை உவமை கூறுவதைத் தமிழ் மாணவர் அறிவர். அவற்றுள் நிறைகோலுக்கு இரு பண்புகள்: அளவில் ஐயம் அகற்றுதல், ஒரு பக்கம் சாயாது நிற்றல். முன்னதற்கு மேற்கண்ட ஆய்வே போதிய சான்று. பின்னது வூடனிடம் எப்படி இருந்தது என்பதே கடினமான வினா.

அவரவர்க்கு உரியது

எல்லாரையும் ஒரே வகையாக நடத்துவது நடுநிலை ஆகாது என்பது வூடனின் கொள்கை. ஒவ்வொருவனுக்கும் அவன் உழைப்பாலும் நடத்தையாலும் ஈட்டியதை அளிப்பதே நடுநிலை என்று பருவத்தின் தொடக்கத்திலேயே சொல்லிவிடுவார். அணியின் முறையையும் ஆட்களுக்கு ஏற்ப மாற்றினார். 1965இல் நியூயார்க்கிலிருந்து 7 அடி உயரத்தைத் தாண்டிய லூ அல்சிண்டர் வந்து சேர்ந்தார். முதலாண்டு மாணவர் முதன்மை அணியில் ஆடக்கூடாது என்பது அக்கால விதி. அவ்வாண்டு நவம்பர் 27இல் நடந்த காட்சி ஆட்டத்தில் அல்சிண்டர் இடம்பெற்ற முதலாண்டு மாணவர் அணி, தேசிய வாகை சூடிய முதன்மை அணியையே 75க்கு 60 என்று தோற்கடித்தது! அத்தகைய உயரமுள்ள ஒருவரை வூடன் அதற்கு முன் பயிற்றியதில்லை. பல்லாண்டுகளாகத் தாம் கையாண்ட தாக்குதல் அமைப்பை ஒதுக்கிவிட்டு, அவரைக் கூடையின் அருகே நிறுத்தும் புதிய அமைப்பை வகுத்தார்.

1967இல் பந்தைக் கூடைக்கு மேலிருந்து கைகளால் திணிக்கும் 'டங்க்' கல்லூரி ஆட்டங்களில் தடைசெய்யப்பட்டது. அல்சிண்டரைக் கருதியே வந்த தடை என்று பலரும் பேசினர். வூடன் அதனை இழப்பாகக் கருதவில்லை. நுட்பமான எறிதலைப் பழக அது வழிசெய்யும் என்றார். சிறுவயது முதல் அல்சிண்டர் பயின்றுவந்த, உடலைப் பக்கவாட்டில் திருப்பி ஒற்றைக் கையை வளைத்து உயரத்திலிருந்து எறியும் 'ஹூக்' எறிதல், அந்த ஆண்டுகளில் கூர்மையடைந்தது. தொழில்முறை ஆட்டத்தில் 'வான் கொக்கி' என்று பெயர்பெற்ற அதனைத் தடுக்கும் வழியை எவரும் கண்டிலர். அவர் எடுத்த 38,387 புள்ளிகள் என்னும் என்.பி.ஏ. சாதனையை 2023இல்தான் லெப்ரான் ஜேம்ஸ் கடந்தார்.

அல்சிண்டர் என்னும் பெயர் நம்மிற் பலர்க்குப் புதிதாக இருக்கலாம். மாணவராயிருந்த 1968இல் இஸ்லாத்தைத் தழுவி, 1971இல் கரீம் அப்துல் ஜப்பார் என்னும் பெயரை வெளிப்பட ஏற்றவர் அவரே. 1964 அணியின் தூணாக விளங்கிய வால்ட் ஹசார்டும் பின்னாளில் இஸ்லாத்தை ஏற்று மஹ்தி அப்துர் ரஹ்மான் ஆனார். 1970களின் அணியில் ஆடிய கீத் வில்க்ஸ், ஜமால் வில்க்ஸ் ஆனார். வூடனோ நாள்தோறும் விவிலியம் ஓதிய கிறித்தவர். மாணவர்க்கு ஏதேனும் ஒரு நம்பிக்கை வேண்டும் என்று விரும்பினாரேயன்றித் தம் நம்பிக்கையை ஒருவர் மீதும் திணித்தாரில்லை. அந்த நட்பு அரை நூற்றாண்டு நீடித்ததைக் கரீம் 2017இல் தனி நூலாகவே எழுதி வெளியிட்டார்.

கரீம் பிறவியிலேயே பேராற்றல் வாய்ந்தவர். அவரை வைத்து ஆசிரியரை அளக்க முடியாது எனலாம். அவ்வாறாயின் ஸ்வென் நேட்டரைப் பார்ப்போம். நெதர்லாந்தில் பிறந்து, கூடைப்பந்தைக் காலம் தாழ்ந்தே கற்ற இளைஞர். அவர் யு.சி.எல்.ஏ.க்கு வந்தபோது அவருடைய இடத்தில் பில் வால்டன் ஆடிக்கொண்டிருந்தார். 1973 இறுதியாட்டத்தில் 22 எறிதல்களுள் 21ஐக் கூடைக்குள் இட்டு 44 புள்ளி எடுத்த வால்டன் அவர். ஆட்டத்தில் உனக்கு அதிக நேரம் கிடைக்காது, ஆனால் நாள்தோறும் வால்டனை எதிர்த்துப் பயின்றால் தொழில்முறை ஆட்டக்காரனாக உயர்வாய் என்று வூடன் அவரை அழைக்கும்போதே ஒளிவின்றிச் சொல்லிவிட்டார். அவ்வாறே நேட்டர் கல்லூரி ஆட்டம் ஒன்றில்கூட முதல் ஐவருள் ஒருவராக இறங்கியதில்லை. ஆயினும் 1973இல் தொழில்முறை அணிகள் ஆட்டக்காரரைத் தெரிவுசெய்தபோது முதற் சுற்றிலேயே அவர் எடுக்கப்பட்டார். 1979-80இல் துள்ளி மீளும் பந்தைப் பற்றுவதில் என்.பி.ஏ.யின் முதல்வரானார். பின்னர் காலிமோருடன் இணைந்து வூடனின் கற்பித்தல் முறையைப் பற்றி ஒரு நூலும் எழுதினார். ஆட்டத்திற்கு மட்டும் பயிற்சி என்றால் நேட்டருக்கு அங்கே இடமில்லை. பயிற்சியே கல்வி என்பதால்தான் அவர் வளர்ந்தார்.

புள்ளி எடுத்தவன், தனக்குப் பந்தை வழங்கிய தோழனை நோக்கித் தலையசைக்கவோ விரல் சுட்டவோ வேண்டும் என்பது வூடனின் கட்டளை. அவன் நம்மைப் பார்க்காவிட்டால் என்ன செய்வது என்று ஒரு மாணவன் கேட்டானாம். அவன் கட்டாயம் பார்ப்பான் என்று விடையிறுத்தாராம்.

வால்டனோடு நிகழ்ந்தது வேறு வகை. வியட்நாம் போரை எதிர்த்த கிளர்ச்சியில் 1972இல் கைதானவர் அவர். முடியும் தாடியும் வளர்த்து ஒருமுறை பயிற்சிக்கு வந்து, அது தம் உரிமை என்று வாதிட்டார். கொள்கைப் பிடிப்புள்ளவரைத் தாம் மதிப்பதாகவும், அவர் இல்லாமல் அணி வருந்தும் என்றும் வூடன் அமைதியாகச் சொன்னார். வால்டன் மிதிவண்டியில் ஏறி முடிதிருத்தகத்துக்கு விரைந்தார். 2024இல் மறையும் வரை அவர் இக்கதையைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தவர்.

கறைகள்

இத்தகையோர் வரலாற்றை எழுதுவோர் புகழ்மாலையோடு நின்றுவிடுவது வழக்கம். நாம் அவ்வாறு நிற்பது முறையன்று. 1968 ஜனவரி 20இல் ஹூஸ்டன் நகரில் 52,693 பேர் கண்ட ஆட்டத்தில் யு.சி.எல்.ஏ. 71க்கு 69 என்று தோற்றது. அன்று இடையில் வெளியே அமர்த்தப்பட்ட எட்கர் லேசி மனம் உடைந்து அணியை விட்டே விலகினார். 1970இல் அணியின் பாராட்டு விருந்தில் மாற்று ஆட்டக்காரர் ஒருவர் எழுந்து, முன்னணியினர்க்கு ஒரு விதி, எங்களுக்கு ஒரு விதி என்று வெளிப்படையாகவே குறை கூறினார். அவரவர்க்கு உரியதை அளிப்பதே நடுநிலை எனும்போது, உரியது எது என்று முடிவுசெய்பவர் ஆசிரியர் ஒருவரே. நிறைகோலைப் பிடித்திருக்கும் கையை யார் நிறுப்பது? கடைசி வரிசையில் இருப்பவன் நேட்டரைப் போல வளரவும் கூடும். அந்த விருந்தில் எழுந்து நின்றவரைப் போலப் புண்பட்டுப் போகவும் கூடும். வூடனின் முறையில் இரண்டுக்கும் இடமிருந்தது.

சாம் கில்பர்ட் என்னும் செல்வந்தர் ஆட்டக்காரர்க்கு விதிமீறிப் பல உதவிகள் செய்துவந்ததும் பின்னர் வெளிவந்தது. 1981இல் தேசியக் கல்லூரி விளையாட்டுக் கழகம் யு.சி.எல்.ஏ.யைத் தண்டித்து, அவரோடு தொடர்பை அறுக்குமாறு பணித்தது. அப்போது வூடன் ஓய்வு பெற்று ஆறாண்டுகள் ஆகியிருந்தன. அவர் மீது குற்றம் சாற்றப்படவில்லை. எனினும் காலுறையின் சுருக்கத்தைக் கண்ட கண்கள் இதனைக் காணாதது எப்படி என்ற கேள்வி எழுந்தது. அது நியாயமான கேள்வியே என்று நாமும் கருதுகிறோம்.

1975 மார்ச் 29இல் அரையிறுதியில் லூயிவில் அணியை ஒரே புள்ளியில் வென்றபின், அடுத்த ஆட்டமே தம் கடைசி ஆட்டம் என்று வூடன் மாணவரிடம் அறிவித்தார். அன்று எதிரணிக்குப் பயிற்சியாளராக அமர்ந்திருந்த டென்னி கிரம், ஒரு காலத்தில் அவரிடமே பயின்று, அவருக்கே உதவியாளராகவும் இருந்தவர். இரு நாட்கள் கழித்துக் கென்டக்கி அணியை 92க்கு 85 என்று வென்று பத்தாவது வாகையோடு விலகினார். அவர்தம் ஆண்டு ஊதியம் ஒருபோதும் 35,000 டாலரைத் தாண்டியதில்லை.

அதன்பின் 35 ஆண்டுகள் வாழ்ந்தார். ஆட்டக்காரர், பயிற்சியாளர் ஆகிய இரு நிலைகளிலும் கூடைப்பந்துப் புகழ்மன்றத்தில் இடம்பெற்ற முதல் மனிதர் என்னும் சிறப்பை 1973இலேயே பெற்றிருந்தார். 2003இல் அமெரிக்க அரசின் விடுதலைப் பதக்கமும் வந்தது. அவ்வாண்டு டிசம்பரில் பாலி பெவிலியனின் ஆடுகளத்திற்கு அவர் பெயரையும், 1985இல் மறைந்த துணைவியார் நெல் அம்மையாரின் பெயரையும் சூட்ட முன்வந்தபோது, துணைவியார் பெயரே முதலில் வரவேண்டும் என்று கேட்டுக்கொண்டார். அவ்வாறே பொறிக்கப்பட்டது. 2010 ஜூன் 4ஆம் நாள் தம் 99ஆம் வயதில் லாஸ் ஏஞ்சல்சில் காலமானார்.